எண்பத்து நான்காம் பக்கம்

அக்டோபர் கடைசியில் மெர்ல் ஹாஸுக்கு வேலை போயிற்று. முப்பத்தொரு வருடம் ஒரே கம்பெனி. மோட்டாரின் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் செய்கிற டிரைவ் பெட்டிகளை வடிவமைத்துக் கொடுப்பதுதான் அவர் பிழைப்பு. மில்வாக்கியில் இருந்த அந்தப் பிரிவையே கம்பெனி மூட்டை கட்டித் தெற்கே அனுப்பிவிட்டது. கடைசி நாள் கேக் வெட்டினார்கள். கேக்கின் மேல் அவர் பெயரைத் தப்பாக எழுதியிருந்தார்கள். அதில் இரண்டு துண்டு தின்றுவிட்டு வீட்டுக்கு வந்து, மறுநாள் காலையில் பாத்திரம் கழுவும் மெஷினைப் பிரித்துப் போட்டார்.

மெஷினில் ஒரு கோளாறும் இல்லை. அதை அவர் மனைவி சிக்னி சொல்லிப் பார்த்தார்.

"சத்தம் போடுது," என்றார் மெர்ல்.

"பாத்திரம் கழுவுனா சத்தம் வரத்தான் செய்யும்."

"மோட்டார் சத்தமில்ல. அதை ஓட்டுற போர்டு சத்தம். எவனோ அவசரத்துல செஞ்சிருக்கான்."

ஒரு வாரத்துக்கு இருவரும் தொட்டியில் கையால் பாத்திரம் கழுவினார்கள்.

சிக்னியும் அதே துறைதான். மேடிசனில், பல்கலைக்கழகத்தில் பவர் எலெக்ட்ரானிக்ஸ் பேராசிரியர். முப்பத்து மூன்று வருடங்களுக்கு முன்னால் ஒரே ஆய்வுக்கூடத்தில், ஒரே மேஜையில், மின் அலையைத் திரையில் காட்டுகிற ஒரே ஆசிலாஸ்கோப்புக்குச் சண்டை போட்டவர்கள். மெர்ல் முதுகலையோடு கம்பெனிக்குப் போனார். சிக்னி டாக்டர் பட்டம் முடித்து அங்கேயே தங்கிவிட்டார். வீடு சன் ப்ரெய்ரியில். காலையில் கார்கள் இரண்டும் ஒன்றாகக் கிளம்பி, ஒன்று கிழக்கே ஒரு மணி நேரம் போகும், இன்னொன்று மேற்கே இருபது நிமிடம். சாப்பாட்டு மேஜையில் சண்டை தொடரும்.

"உன் கட்டுரைய எத்தனை பேரு படிச்சிருப்பாங்க? எழுதுன நீ, திருத்துனவரு, அச்சுக் கோத்தவரு. நான் செஞ்சது மூணு லட்சம் மோட்டாரச் சுத்துது."

"அதைச் சுத்தவைக்க உன் கம்பெனிக்குப் பதினெட்டு பேரு போனாங்களே, அவங்களுக்குப் பாடம் எடுத்தது யாரு?"

இப்போது ஒரு கார்தான் கிளம்பியது.

டிசம்பரில் சிக்னியின் துறையில் ஒரு இடம் காலியானது. மாணவர்களின் பயிற்சிக் கூடத்தை நடத்த, தொழிற்சாலை அனுபவமுள்ள ஒருவர் வேண்டும். மெர்ல் மூன்று நாள் யோசித்து, நான்காம் நாள் விண்ணப்பம் போட்டார். அன்றே சிக்னி ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டியதாயிற்று. கணவர் விஷயத்தில் தேர்வுக் குழுவிடம் பேச மாட்டேன், கணவருக்கும் யோசனை சொல்ல மாட்டேன் என்று எழுதிய தாள். சிக்னி நேர்மையென்றால் நேர்மை, அப்படியொரு நேர்மை.

"நீல டையா, பழுப்பு டையா?" என்று மெர்ல் கேட்டால், "என்கிட்ட கேக்காதே," என்பார்.

"டை பத்திக்கூடச் சொல்லக் கூடாதா?"

"கூடாது."

"பேராசிரியரோட புருஷன்னு இடம் குடுத்துட்டாங்கன்னு ஊரு பேசுமோ?"

சிக்னி குளிர்பெட்டியைத் திறந்து உள்ளே எதையோ தேடுவது போல நின்றார். அவர் தோள் குலுங்கியது சிரிப்பாலா எரிச்சலாலா என்று மெர்லுக்குத் தெரியவில்லை.

பிப்ரவரி பத்தாம் தேதி மெர்ல் துறையின் முன்னால் ஒரு மணி நேரம் பேச வேண்டும். வாழ்நாளில் கூட்டத்தின் முன் பேசியதில்லை. தான் கடைசியாகச் செய்த டிரைவைப் பற்றி ஐம்பத்திரண்டு படங்கள் தயாரித்தார். உள்ளே போகிற மின்சாரத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு பங்கு மோட்டாருக்குப் போய்ச் சேருகிற டிரைவ் அது. கண்ணாடி முன் நின்று பேசிப் பார்த்தார். பாதியில் தனக்கே தூக்கம் வந்தது.

அப்படியிருக்கும்போதுதான், ஜனவரி கடைசிச் சனிக்கிழமை காலை, வெஸ்ட்பியிலிருந்து சிக்னியின் தம்பி ஆர்லின் ஃபோன் செய்தார். ஆர்லினுக்கு அறுபது கறவை மாடு. மெர்லும் அவரும் ஒரே வயது. கல்யாணமான நாளிலிருந்து மச்சான், மச்சான் என்றுதான் பேச்சு.

"மச்சான், உன் பெட்டி என் மாட்டைக் கொல்லுது."

"என்ன உளர்றே?"

"உளறலை. செப்டம்பர்ல பால் கறக்குற பம்புக்கு உன் டிரைவ வாங்கிப் போட்டேனா? சத்தமில்லாம ஓடுது, கரண்ட்டு மிச்சம், எல்லாம் சரி. இப்ப ரெண்டு மாசமா மாடு தண்ணி குடிக்க மாட்டேங்குது. கிண்ணத்துல நாக்க வைக்குது, வெடுக்குனு தலையத் தூக்குது. கறக்கையில எட்டி உதைக்குது. பால் அஞ்சுல ஒரு பங்கு போச்சு. ஒன்பது மாட்டுக்கு மடி நோவு."

"கரண்ட்டு ஆபீஸ்ல சொன்னியா?"

"வந்தான். மத்தியானம் பன்னெண்டு மணிக்கு வந்து மீட்டர வச்சுப் பாத்தான். ஒண்ணுமில்லைன்னுட்டான். வைத்தியரு தீவனத்த மாத்தச் சொன்னாரு. மாத்துனேன். போனி என்னடான்னா எல்லாத்தையும் வித்துட்டுப் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டப் போலாங்கிறா."

மெர்லின் முகம் செத்துப்போயிற்று. எதிரே உட்கார்ந்து ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த சிக்னி காப்பியைக் கீழே வைத்தார்.

"நான் பேச மாட்டேன்னு கையெழுத்துப் போட்டது வேலையப் பத்தித்தான். மாட்டப் பத்தி இல்லை. கிளம்பு," என்றார்.

அன்று பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டு டிகிரி. வானம் நீலமாக, துடைத்துவிட்டது போல இருந்தது. மேற்கே போகப் போக மேடு பள்ளங்களெல்லாம் பனி மூடி, கொட்டில்களின் சிவப்பு மட்டும் அங்கங்கே தெரிந்தது. பின்னிருக்கையில் ஆசிலாஸ்கோப், மீட்டர்கள், வயர்ச் சுருள்கள். வழி நெடுக இருவரும் வாதம்.

"மோட்டார் கேபிள் நீளமா இருக்கும். வேகமா விட்டு விட்டு வர்ற கரண்ட்டு கசியும்," என்றார் மெர்ல்.

"அவ்வளவு வேகமான கரண்ட்டு மாட்டுக்கு உறைக்காது. அதை அளந்தே பாத்திருக்காங்க. உறைக்கணும்னா நம்ம வீட்டுக் கரண்ட்டு மாதிரி மெதுவானதா இருக்கணும்."

"என் பெட்டியிலேர்ந்து அது எப்படி வெளிய வரும்?"

"அதத்தானே பாக்கப் போறோம், வந்துக்கிட்டே சண்டை போடாதே."

ஆர்லினின் மனைவி போனி வாசலுக்கு வந்து வரவேற்றார். நெட்டையான, வேகமான பெண்மணி. உருளைக்கிழங்கும் மாட்டிறைச்சியும் அடுக்கிச் சுட்ட பாத்திரம் ஒன்று மேஜையில் ஆவி பறந்தது. பக்கத்தில் அன்று காலை பாலாடைக்கட்டி ஆலையிலிருந்து வாங்கிய புதுக் கட்டிகள், கடித்தால் பல்லில் கீச்சிடுபவை.

"மொதல்ல சாப்பிடுங்க. மாடு எங்கேயும் ஓடிறாது. ஓடுனாலும் சந்தோசந்தான்," என்றார் போனி.

"இவ இப்படித்தான்," என்றார் ஆர்லின். "போன வாரம் பஸ் ஓட்டுற பரீட்சைப் புஸ்தகம் வாங்கிட்டு வந்துட்டா."

"ஆமா வாங்குனேன். பிள்ளைங்க எட்டி உதைக்காதுங்க."

"நீ எந்தப் பிள்ளைங்களப் பாத்தே?"

மெர்ல் சிரிக்கவில்லை. இரண்டாம் முறை பரிமாற வந்த போனியின் கையைப் பார்த்தார். முழங்கைக்குக் கீழே, மாடு உதைத்த இடம் மஞ்சளும் ஊதாவுமாகக் கன்றியிருந்தது. அவர் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

"கொட்டிலுக்குப் போலாம்."

உள்ளே மாடுகளின் வெப்பம். வெளிக்குளிரிலிருந்து நுழைந்தவர்களின் கண்ணாடிகள் மங்கின. இரண்டு வரிசையாக மாடுகள் கட்டப்பட்டிருந்தன. இரண்டு மாட்டுக்கு ஒரு தண்ணீர்க் கிண்ணம், எல்லாக் கிண்ணங்களையும் இணைத்து ஓடும் ஓர் இரும்புக் குழாய். மூலையில் பம்ப். அதன் மேலே சுவரில் மெர்லின் டிரைவ், சாம்பல் நிறப் பெட்டி, மேல்மூடியில் பெரிய எழுத்தில் 98.

சிக்னி சிறு செப்புத் தகடு ஒன்றை ஈரத் தரையில் வைத்து, அதன் மேல் தண்ணீர் வாளியைத் தூக்கி வைத்தார். தகட்டிலிருந்து கிண்ணத்துக்கு ஒரு வயர் இழுத்து, நடுவே விரல் நகம் அளவு பொருள் ஒன்றைக் கோத்தார்.

"அதென்னக்கா?" என்றார் ஆர்லின்.

"ரெசிஸ்டர். ஐந்நூறு ஓம். இதுதான் மாடு."

"இதுவா?"

"கரண்ட்டுக்கு இதுவும் மாடும் ஒண்ணுதான். வாயில தொட்டு நாலு காலு வழியா இறங்குறப்ப இவ்வளவுதான் தடை."

ஆர்லின் குனிந்து உற்றுப் பார்த்தார். "தீவனச் செலவு இல்லை. இதுமாதிரி அறுபது குடு."

மீட்டர் ஏறக்குறைய ஒன்றுமே காட்டவில்லை. ஆர்லின் கைகளை விரித்தார். "கரண்ட்டு ஆபீஸ்காரனும் இதத்தான் பாத்தான்."

"எப்பப் பாத்தான்? மத்தியானம். மத்தியானம் பம்பு ஓடுமா?" என்று கேட்டார் மெர்ல்.

"கறக்குறப்பதான் ஓடும். மத்த நேரத்துல எல்லாத்தையும் மெயின்லயே அணைச்சிருவேன். எதுக்கு வீணா?"

கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நான்கு மணிக்குக் கறவை. அதுவரை காத்திருக்காமல் இப்போதே எல்லாவற்றையும் போடச் சொன்னார் சிக்னி.

டிரைவுக்கு மின்சாரம் கொடுக்கிற பழைய கன்வர்ட்டர் ஒன்று மூலையில் இருந்தது, ஆர்லின் அதை முதலில் முடுக்கினார். அது உறுமிக்கொண்டு எழுந்தது. பிறகு டிரைவை. மீட்டரில் அசையாமல் நின்றிருந்த எண் துள்ளி மூன்று வோல்ட்டுக்குப் போயிற்று. அதே கணம், பக்கத்துக் கிண்ணத்தில் மூக்கை வைத்த ஒரு கறுப்பு வெள்ளை மாடு தலையை உதறிப் பின்வாங்கியது.

"பாத்தியா!" என்று கத்தினார் ஆர்லின். "நான் சொன்னேனா, போனி, நான் சொன்னேனா! எனக்கு ஏன் அடிக்கலை?"

"நீ ரப்பர் பூட்ஸ் போட்டிருக்கே. அது வெறுங்காலோட நிக்குது," என்றார் சிக்னி.

ஆனால் மெர்ல் பார்த்துக்கொண்டிருந்தது டிரைவை அல்ல, உறுமிக்கொண்டிருந்த கன்வர்ட்டரை.

"மச்சான், இந்தப் பண்ணைக்கு வர்றது சிங்கிள் ஃபேஸா?"

"ஆமா. இந்த மேட்டுக்கு எவன் த்ரீ ஃபேஸ் இழுப்பான்? இதை வச்சுத்தான் மூணாவது ஃபேஸ நானே உண்டாக்கிக்கிறேன். அப்பா காலத்துது."

மெர்ல் கீழே கவிழ்த்து வைத்திருந்த ஒரு வாளியின் மேல் உட்கார்ந்தார்.

"என்னாச்சு?" என்றார் சிக்னி.

"எனக்குத் தெரியும் என்னன்னு. பெட்டிக்குள்ள ஒரு ஃபில்ட்டர் இருக்கு. மூணு ஃபேஸ்லேர்ந்தும் எர்த்துக்குச் சின்னச் சின்னக் கபாசிட்டர். ரேடியோல கரகரப்பு வரக் கூடாதுன்னு வச்சது. தொழிற்சாலைன்னா மூணும் சமமா இருக்கும், ஒண்ணை ஒண்ணு சரிக்கட்டிக்கும். இங்க மூணாவது ஃபேஸோட வோல்ட்டேஜ் மத்த ரெண்டைவிட ஒசரத்துல நிக்குது. சரிக்கட்ட முடியாம மிச்சம் எர்த்துல இறங்குது."

"எர்த் கம்பி ஒழுங்கா இருந்தா அதோட போயிரணுமே. ஏன் தண்ணிக் குழாய்க்கு வருது?" சிக்னி டார்ச்சை வாங்கிக்கொண்டு சுவரோரமாகப் போனார். மெயினை அணைக்கச் சொல்லிவிட்டு, பெட்டியிலிருந்து இறங்கும் பச்சைக் கம்பியைக் கையால் இழுத்தார். அது அவர் கையோடு வந்துவிட்டது. முனை பச்சையும் வெள்ளையுமாகப் பூத்து, மாட்டு மூத்திரக் காற்றில் அரித்துப் போயிருந்தது.

"இந்தா, குத்தவாளி. கம்பி அறுந்திருக்கு. உன் பெட்டி தப்பு பண்ணலை, மெர்ல்."

"கம்பி பாதித் தப்பு."

புதுக் கம்பி போட்டு முறுக்கினார்கள். மறுபடியும் முடுக்கியபோது மூன்று வோல்ட் ஒன்றாகக் குறைந்தது. சிக்னி வெற்றி பெற்றவர் போல நிமிர்ந்தார். மெர்ல் தலையை ஆட்டினார்.

"இன்னும் இருக்கு. மெயின அணை மச்சான். அஞ்சு நிமிஷம் யாரும் தொடாதீங்க, கபாசிட்டர் காலியாகணும்."

ஐந்து நிமிடம் நால்வரும் காத்திருந்தார்கள். மாடுகள் அசைபோட்டன. பிறகு மெர்ல் மூடியைக் கழற்றி, ஃபில்ட்டரை எர்த்தோடு இணைக்கிற ஒற்றை ஸ்க்ரூவை ஆழத்தில் தேடிப் பிடித்து வெளியே எடுத்தார். மறுபடியும் முடுக்கினார்கள். மீட்டர் ஏறக்குறையச் சுழிக்கு வந்து நின்றது.

"ஒரே ஸ்க்ரூவா?" என்றார் போனி. "ஒரு ஸ்க்ரூவுக்கா ரெண்டு மாசம் உதை வாங்குனேன்? அதை எடுக்கணும்னு எவனும் எழுதி வைக்க மாட்டானா?"

"எழுதியிருக்கு," என்றார் மெர்ல். "புஸ்தகம் இருக்கா?"

ஆர்லின் பிளாஸ்டிக் உறையோடு கொண்டுவந்தார். சிக்னி எண்பத்து நான்காம் பக்கத்தில், அட்டவணைக்கு அடியில், எறும்பு எழுத்தில் கண்டுபிடித்து உரக்க வாசித்தார். "'சமநிலையற்ற மின் இணைப்புகளில் உள்வடிகட்டியின் எர்த் திருகு அகற்றப்படலாம்.' படலாமா? யாரால அகற்றப்படலாம்? எப்ப? எவன்யா இதை எழுதுனது?"

"நான்."

மெர்ல் புத்தகத்தை வாங்கி மூடினார்.

"மூடி மேலேயே சிவப்புல போடணும்னுதான் நெனச்சேன். மூடியில இடமில்லை, தொண்ணூத்தெட்டு போடணும்னாங்க. அன்னைக்கு வேற வேலை தலைக்கு மேல. சரி, உள்ளே எங்கயாவது போடுங்கன்னு கையெழுத்துப் போட்டேன். சண்டை போட்டிருந்தா குடுத்திருப்பாங்க. நான் போடலை." போனியின் கையைப் பார்த்துச் சொன்னார்: "மன்னிச்சுக்கோ, போனி."

போனி கன்றிய இடத்தைத் தடவிக்கொண்டார். அப்புறம் மார்பில் கைகளைக் கட்டிக்கொண்டார். "மன்னிக்கலாம். நாலு மணிக் கறவைக்கு நீ வந்து உக்காரு. உதைக்குதான்னு பாத்துட்டு மன்னிக்கிறேன்."

மெர்ல் உட்கார்ந்தார். அறுபதில் மூன்று மாடு உதைத்தது, பழக்கத்தில். மற்றவை உதைக்கவில்லை. அந்தக் கறுப்பு வெள்ளை மாடு கிண்ணத்தில் மூக்கை வைத்தது, எடுத்தது, சந்தேகமாக மறுபடி வைத்தது. பிறகு உறிஞ்சத் தொடங்கியது. உறிஞ்சிக்கொண்டே இருந்தது. ஆர்லின் தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். வேர்வை என்றார்.

வீடு திரும்பும்போது மெர்ல் வழியில் தெரிந்த கொட்டில் விளக்குகளை எண்ணிக்கொண்டு வந்தார். பிறகு, "இந்த மேட்டுல எத்தனை பேரு என் பெட்டிய வாங்கியிருப்பாங்க?" என்றார்.

திங்கட்கிழமை விரோக்வாவிலுள்ள பண்ணைச் சாமான் டீலரைப் பிடித்தார். இருபத்தாறு பண்ணைகள். கம்பெனியில் பழகியவர்களுக்கு எழுதினார். மூடியில் இனிச் சிவப்பு எச்சரிக்கை ஒட்டு வரும் என்று ஒருவன் பதில் போட்டான், ஏற்கெனவே விற்றதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. மெர்ல் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு தானே கிளம்பினார். ஒவ்வொரு வாசலிலும் அதே பேச்சு: இந்தப் பெட்டியைச் செய்தவன் நான், புத்தகத்தில் எழுதியதும் நான், ஐந்து நிமிடம் உள்ளே வரலாமா? ஒருவர் கதவைச் சாத்தினார். ஒருவர் அரை மணி நேரம் திட்டிவிட்டு, சுட்ட ஆப்பிள் பை ஒரு துண்டு கொடுத்தார். போன இடத்திலெல்லாம் கோளாறு இருந்தது என்றில்லை, ஏழில்தான் இருந்தது.

பிப்ரவரி பத்தாம் தேதி வந்தபோது ஒன்பது பண்ணை மிச்சம். ஐம்பத்திரண்டு படங்களும் கணினியிலேயே கிடந்தன. மெர்ல் பழுப்பு டையைக் கட்டிக்கொண்டு, புத்தகத்தின் அந்த ஒரு பக்கத்துக்கு எடுத்த நாற்பது நகல்களோடு உள்ளே நுழைந்தார். தேர்வுக் குழுத் தலைவர் பேராசிரியர் மெஹ்ரான், தெஹ்ரானில் பிறந்து முப்பது வருடமாக மேடிசன் குளிரைத் திட்டிக்கொண்டிருப்பவர், அவரை நான்கு வாக்கியத்தில் அறிமுகம் செய்து அமர்ந்தார். சிக்னி இரண்டு மாடி கீழே தன் அறையில் கதவைச் சாத்திக்கொண்டிருந்தார்.

"எல்லாரும் எண்பத்து நாலாம் பக்கத்தப் பாருங்க," என்றார் மெர்ல். "ஒரு பண்ணைக்காரரு மாடு தண்ணி குடிக்க மாட்டேங்குதுன்னு சொல்றாரு. என்ன செய்யணும்னு இந்தப் பக்கத்துல இருக்கு. நாலு நிமிஷம். கண்டுபிடிச்சவங்க கையத் தூக்குங்க."

நாற்பது பேர், பாதிப் பேர் டாக்டர் பட்டக்காரர்கள். தாளின் சலசலப்பு. நான்கு நிமிடத்தில் இரண்டு கைதான் உயர்ந்தன. அதில் ஒன்று, கழிவறை எங்கே என்று கேட்கத் தூக்கியது.

சிரிப்பு அடங்கியதும் மெர்ல் ஆரம்பித்தார். மூன்று வோல்ட், ஐந்நூறு ஓம் மாடு, அரித்த கம்பி, உயரத்தில் நின்ற மூன்றாவது ஃபேஸ், இன்னும் போக வேண்டிய ஒன்பது பண்ணை. கரும்பலகையில் எழுதினார். ஓரிடத்தில் தப்பாக எழுதி, முதல் வரிசை மாணவி சொன்னதும் அழித்துத் திருத்தினார். ஒரு மணி நேரம் போனது தெரியவில்லை.

வயதான பேராசிரியர் ஒருவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு எழுந்தார். "நல்ல கதைங்க. ஆனா இதுல புதுசா ஆராய்ச்சி என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்லைங்க. எல்லாம் முப்பது வருசமாத் தெரிஞ்சதுதான். தெரிஞ்சும் நடந்துச்சு, அதான் சொல்ல வந்தேன்."

மெஹ்ரான் மூக்குக் கண்ணாடியை உயர்த்திக்கொண்டு கேட்டார்: "இந்த வரிய எழுதுனது யாருன்னு தெரியுமா?"

"நான்தான் எழுதுனேன். கையெழுத்துப் போட்டதும் நான்தான்."

மெஹ்ரான் தன் தாளில் எதையோ குறித்துக்கொண்டார். நல்லதா கெட்டதா என்று அவர் முகத்திலிருந்து ஒன்றும் தெரியவில்லை.

அந்தச் சனிக்கிழமை மிச்சமிருந்த பண்ணைகளுக்கு சிக்னியும் கூடப் போனார். டார்ச் பிடிக்க ஆள் வேண்டும் என்று மெர்ல் கேட்டிருந்தார். மூன்றாவது கொட்டிலில் பெட்டியை உயரத்தில் மாட்டியிருந்தார்கள். ஏணியின் மேல் நின்று ஒரு கையால் மூடியைத் தாங்கி, மறுகையால் உள்ளே துழாவி, கழற்றிய ஸ்க்ரூக்களை வாயில் கவ்வியிருந்தார் மெர்ல். அப்போது அவர் சட்டைப் பையில் ஃபோன் அடித்தது. சிக்னி ஏணியில் இரண்டு படி ஏறி, ஃபோனை எடுத்து, பெயரைப் பார்த்து, ஸ்பீக்கரில் போட்டு அவர் காதருகே பிடித்தார்.

"மெர்ல், மெஹ்ரான் பேசுறேன். குழு முடிவு பண்ணிருச்சு. வேலை உங்களுக்குத்தான். வாழ்த்துகள்!"

"ம்ம்," என்றார் மெர்ல்.

அந்தப் பக்கம் கொஞ்சம் தயங்கியது. "திங்கட்கிழமையே சேரணும்னு நெனச்சோம். அது சிரமம்னா... ரெண்டு வாரம் கழிச்சு வாங்க."

மெர்ல் கண்ணை உருட்டி சிக்னியைப் பார்த்தார், வாயிலிருப்பதை எடு என்று. சிக்னி ஒரு கையில் ஃபோன், ஒரு கையில் டார்ச். உதட்டை இறுக்கிக்கொண்டு அசையாமல் நின்றார். கண்ணில் நீர் முட்டிக்கொண்டிருந்தது.

"உங்க தயக்கம் எனக்குப் புரியுது," என்றார் மெஹ்ரான். "பண்ணைப் பக்கம் போறத விட மனசில்லை, அதானே? சரி, வெள்ளிக்கிழமை உங்களுக்கு விட்டுத்தர்றோம். மாணவங்களையும் கூட்டிட்டுப் போங்க."

"ம்ம்ம்!"

"அதுக்கு வேன் வேணும். தெரியுது. துறையில பழைய வேன் ஒண்ணு இருக்கு. ஹீட்டர சரி பண்ணித் தர்றேன். இதுக்கு மேல என்னால முடியாது, மெர்ல். சரின்னு சொல்லுங்க."

மெர்ல் மூடியை முழங்காலில் தாங்கி, ஸ்க்ரூக்களை உள்ளங்கையில் துப்பினார்.

"சரிங்க, மெஹ்ரான். ரொம்ப நன்றி."

ஃபோன் அடங்கியது. சிக்னி ஏணியின் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு குலுங்கக் குலுங்கச் சிரித்தார். கீழே நின்ற பண்ணைக்காரர் ஒன்றும் புரியாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அவசரப்பட்டுட்டே," என்றார் சிக்னி, மூச்சு வாங்கிக்கொண்டு. "இன்னும் ரெண்டு நிமிஷம் துப்பாம இருந்திருந்தா மெஹ்ரான் தன் நாற்காலியவே தூக்கிக் குடுத்திருப்பாரு."